ஒன்பது ராத்தல் இரும்பு, ஒரு ராத்தல் தண்ணீர்

அவரிடம் "சுடுகிறது" என்று சொல்லிவிட்டு யாரும் நிம்மதியாகப் போய்விட முடியாது. தலையை ஒரு பக்கம் சாய்த்து, "எவ்ளோ?" என்று கேட்பார். கஞ்சி சுடுகிறது என்றாலும் கேட்பார், வெயில் சுடுகிறது என்றாலும் கேட்பார். "ரொம்ப" என்று சொன்னால் முகம் வாடிவிடும். ரொம்ப என்பது அவருக்கு ஒரு பதிலே இல்லை.

கோலார் தங்க வயலில் கரண்டு வராத காலம் அது. எல்லாம் நீராவிதான். எங்கள் சுரங்கத்தின் கருவிக் கிடங்கில் அவர் எடைக்காரர். கீழே போகிற இரும்பையும் மேலே வருகிற இரும்பையும் தராசில் நிறுத்து எழுதுவது அவர் வேலை. ஒல்லியான உடம்பு, மேலே பொத்தான் இல்லாத ஒரு கறுப்புக் கோட்டு. வேலூரில் ஏதோ மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தவர் என்று சொல்வார்கள். கம்பெனி கட்டிக்கொடுத்த லைன் வீடுகளில் அவருக்கு "எவ்ளோ" என்றே பெயர் வைத்துவிட்டார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் எனக்குத் தெரியும். அதை இங்கே எழுதப்போவதில்லை, அவருக்கே அது அவ்வளவாகப் பிடிக்காது.

எங்கள் ஜனங்கள் வடாற்காட்டிலிருந்து வந்தபோது திரௌபதி அம்மனையும் தீமிதியையும் கூடவே கொண்டுவந்திருந்தார்கள். ஒரு வருஷம் இவர் பூசாரியிடம் போய், "தணல் எவ்ளோ சூடு கீது?" என்று கேட்டுவிட்டார். பூசாரி வேப்பிலைக் கொத்தோடு தெருக்கோடி வரை துரத்தினார். மறு வருஷம் மனிதர் மஞ்சள் வேட்டி கட்டிக்கொண்டு தாமே இறங்கி மிதித்தார். அந்தப் பக்கம் ஏறியதும் நாங்கள் பத்துப் பேர் வளைத்துக்கொண்டு, "எவ்ளோங்க சூடு?" என்று கேட்டோம். கொஞ்ச நேரம் தன் காலையே பார்த்தார். "அளக்க மறந்துட்டேன்" என்றார். அன்றைக்குச் சிரித்த சிரிப்பில் எனக்கு விலா வலித்தது.

நான் கொல்லன். கல்லில் துளை போடுகிற நீண்ட இரும்பு உளியை நாங்கள் ஜம்பர் என்போம். மழுங்கி வரும் ஜம்பர்களை உலையில் பழுக்கவைத்து, நுனியை அடித்துக் கூராக்கி, தண்ணீர்த் தொட்டியில் தோய்த்து இறுகவைத்துக் கொடுப்பது என் வேலை. ஒரு நாளைக்கு அறுபது ஜம்பர். முதல் முப்பது காலை ஷிப்டுக் கும்பலுக்கு, அடுத்த முப்பது மத்தியானக் கும்பலுக்கு. எனக்குக் கோபம் மூக்குமேல் இருக்கும். என் பட்டறையில் வந்து யாரும் எனக்கு வேலை சொல்லக்கூடாது. அப்படிப்பட்ட என்னிடம் இந்த மனிதர் எப்படி ஒட்டிக்கொண்டார் என்பது இன்றைக்கும் எனக்கு ஆச்சரியம்தான்.

என் மகள் பிறந்த சமயம் அது. பிள்ளை பெற்றவளுக்கு வெந்நீர் வார்க்க மருத்துவச்சி வந்திருந்தாள். தண்ணீர் வண்டியில் வரும், விறகும் சுருக்கம். வாசலோடு போன இவர் நின்று, "ஒரு பானை கொதிக்கிற தண்ணிக்கு நாலு பானை பச்சத்தண்ணி ஊத்துங்க, நூத்தி ஆறு டிகிரி ஃபாரன்ஹீட் வரும், போதும்" என்றார். மருத்துவச்சி அவரை மேலும் கீழும் பார்த்தாள். இருந்தாலும் அப்படியே மண்தொட்டியில் கலந்து, முழங்கையை விட்டுப் பார்த்தாள்.

"கொஞ்சம் ஆறிட்டுதுப்பா. இன்னும் அரைப்பானை கொதிதண்ணி ஓணும்."

"கணக்கு சரியாத்தானே கீது" என்று இவர் முணுமுணுத்தார்.

"நீ தண்ணிய மட்டும் கணக்கு பண்ணே. தொட்டி குடிக்காதா? அதுவும் குளுந்துதானே கெடந்துது."

வேறு யாராவது என்றால் கோபித்துக்கொண்டிருப்பார்கள். இவர் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. "தொட்டியும் குடிக்கும், தொட்டியும் குடிக்கும்" என்று சொல்லிக்கொண்டே போனார். போகிற வழியில் என் மனைவிக்கு நல்லபடியாகப் பிள்ளை பிறந்ததைப் பற்றி ஒரு வார்த்தை விசாரிக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

அந்த மாதம்தான் எனக்குக் கெட்ட காலம் ஆரம்பித்தது. மத்தியானக் கும்பலின் மேஸ்திரி, நல்ல உயரம், கட்டைக் குரல், என் பட்டறை வாசலில் வந்து நின்று நாலு ஜம்பரைத் தரையில் வீசினார். எல்லாம் நுனி நசுங்கிக் கிடந்தன.

"இன்னா ஆசாரி, காலையில போற கும்பலுக்கு இரும்பு, எங்களுக்கு மெழுகா? அவங்க ஒரு ஜம்பர்ல ஆறு அங்குலம் எறக்குறாங்க. எனுக்கு ஒன்ற அங்குலத்துல மொக்கையாயிடுது. அந்த மேஸ்திரி உன் ஊருக்காரன்னுதானே?"

கும்பலுக்குத் துளை எத்தனை அடி ஆழம் இறங்கியதோ அதற்குத்தான் கூலி. அவர் கோபத்தில் நியாயம் இருந்தது. காலைக் கும்பல் மேஸ்திரி என் ஊர்க்காரர் என்பதும் உண்மை. ஆனால் நான் அப்படிச் செய்பவன் இல்லை. பேச்சு வளர்ந்து, சம்மட்டி கைக்கு வந்து, நாலு பேர் பிடித்து விலக்கினார்கள். விஷயம் சுரங்க கேப்டன் துரை வரை போயிற்று. துரை நல்ல மனிதர்தான். நான் வஞ்சகம் செய்ததாக அவர் சொல்லவில்லை. அதைவிட மோசமாக ஒன்றைச் சொன்னார். மத்தியானத்துக்கு மேல் என் கண் மங்கிவிடுகிறதாம். இரும்பின் சிவப்பை என்னால் சரியாகப் பார்க்க முடியவில்லையாம். சனிக்கிழமை வரை பார்ப்பது, பிறகு வேறு கொல்லன்.

கொல்லனுக்குக் கண் போச்சு என்று ஒருவர் வாயால் சொல்லிவிட்டால் அவனை எந்தப் பட்டறையிலும் சேர்க்க மாட்டார்கள். வீட்டில் பதினைந்து நாள் பிள்ளை. லைன் வீட்டையும் காலி செய்ய வேண்டும். உண்மையைச் சொன்னால் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. மத்தியானத்தில் உலையைப் பார்க்கும்போது இதுதான் அந்தச் சிவப்பா, இல்லையா என்று மனசு நடுங்கியது. பயம்தான், வேறென்ன.

சண்டை நடந்த மறுநாள் மத்தியானம் எடைக்காரர் வந்தார். யாரையும் கேட்காமல் என் தொட்டியில் விரலை விட்டு, வெடுக்கென்று எடுத்தார்.

"ஆசாரி, தண்ணி எவ்ளோ சூடு?"

"கை பொறுக்குற சூடு."

"யார் கை?"

எனக்கு வந்த கோபத்தில் கையில் இருந்த இரும்புக் குறட்டை அவர்மேல் வீசியிருப்பேன். என் கை பழுத்த இரும்பின் பக்கத்தில் இருபது வருஷம் வெந்த கை. அதற்கு எதுவும் பொறுக்கும்.

"தண்ணிய மாத்துறதே இல்லையா?" என்றார்.

மாற்றமாட்டோம். அது எங்கள் வழக்கம். உலைத் தொட்டித் தண்ணீர் இரும்பு குடித்த தண்ணீர். பழசாக ஆக அதற்குச் சக்தி அதிகம் என்பது நம்பிக்கை. பிள்ளைகளுக்குச் சொறி சிரங்கு என்றால் அதில்தான் ஒரு கிண்ணம் வாங்கிப் போவார்கள். வற்றினால் மேலே ஊற்றுவோமே தவிர, ஆயுத பூஜைக்குக்கூட அடியோடு கொட்டமாட்டோம். தண்ணீர் கதகதப்பாக இருந்தால் இரும்பு வெடிக்காது என்றும் என் அப்பா சொல்லியிருக்கிறார். இதையெல்லாம் அவருக்குச் சொன்னேன்.

"உங்க அப்பாரு பட்டறையில ஒரு நாளைக்கு எத்தினி உருப்படி தோய்ப்பாரு?"

"எட்டு அருவா, பத்து அருவா."

"நீங்க?"

"அறுபது."

அவர் தலையைச் சாய்த்து என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

மறுநாள் கோரமண்டல் சுரங்கத்துப் பக்கம் ஒரு பாய்லர் டிரைவரைப் பிடித்து, பித்தளைக் கூட்டுக்குள் இருக்கும் சூட்டுமானியை இரவல் வாங்கி வந்தார். அதைத் தன் மணிக்கட்டோடு கயிற்றால் கட்டியிருந்தார். உடைந்தால் கூடவே நானும் உடைவேன் என்றார். பழைய ஜம்பரை வெட்டி, சரியாக இரண்டு ராத்தல் எடையில் பன்னிரண்டு துண்டு கேட்டார். ஒரு இரும்பு வாளியை நிறுத்தார், ஒன்பது ராத்தல். அதில் இருபத்தொன்பது ராத்தல் தண்ணீரை ஊற்றினார்.

"முப்பதா ஊத்திட்டா கணக்கு சுலுவாயிருக்குமே" என்றேன்.

"முப்பதுதான் கீது. மருத்துவச்சி சொன்னாங்களே, தொட்டியும் குடிக்கும்னு. இந்த வாளியும் குடிக்கும். ஆனா இரும்பு தண்ணி மாதிரி குடிக்காது. ஒரு ராத்தல் தண்ணிய ஒரு டிகிரி ஏத்துற சூடு, ஒம்போது ராத்தல் இரும்ப ஒரு டிகிரி ஏத்திடும். ஒம்போது ராத்தல் வாளின்னா ஒரு ராத்தல் தண்ணின்னு வெச்சிக்கணும்."

எண்பது டிகிரியில் இருந்தது தண்ணீர். நான் ஒரு துண்டை என் கண்ணுக்குச் சரி என்று பட்ட சிவப்பு வரை பழுக்கவைத்து வாளியில் போட்டேன். அடங்கியதும் சூட்டுமானியைப் பார்த்தார். தொண்ணூறு. கோட்டுப் பையிலிருந்து சுண்ணாம்புக் கட்டியை எடுத்து என் பட்டறைச் சுவரில் எழுதினார். முப்பது ராத்தல் தண்ணீர் பத்து டிகிரி ஏறினால் முந்நூறு பங்கு சூடு. அது முழுக்க இந்த இரண்டு ராத்தல் இரும்பு விட்டது. இரும்பு ஒன்பதில் ஒன்றுதான் பிடிக்கும், அதனால் முந்நூறை ஒன்பதால் பெருக்கி இரண்டால் வகுத்தார். ஆயிரத்து முந்நூற்று ஐம்பது டிகிரி இறங்கியிருக்கிறது. தொண்ணூறில் வந்து நின்றதால் அதையும் கூட்டினார்.

"ஆசாரி, உங்க செவப்பு ஆயிரத்து நானூத்தி நாப்பது டிகிரி."

அதைக் கேட்டு நான் என்ன செய்வது. இத்தனை வருஷமாக நான் கண்ணால் பார்த்த சிவப்புக்கு ஒரு எண் இருக்கிறது என்றே எனக்குத் தெரியாது. காலையில் இரண்டு துண்டு, உச்சியில் இரண்டு, மத்தியானம் மூன்று மணிக்கு இரண்டு என்று போடச் சொன்னார். ஒவ்வொரு துண்டுக்கும் புதுத் தண்ணீர், அதே எடை. ஒவ்வொரு முறையும் வாளி பத்து டிகிரி ஏறியது. கடைசித் துண்டு அடங்கியதும் அவர் சூட்டுமானியை என் மூக்குக்கு நேரே பிடித்தார்.

"பாத்துக்குங்க. மூணு மணிக்கும் அதே பத்து. காலையிலயும் ஆயிரத்து நானூத்தி நாப்பது, இப்பவும் ஆயிரத்து நானூத்தி நாப்பது. உங்க கண்ணு தப்பல ஆசாரி. தண்ணிதான் தப்பு."

நான் உலைப் பக்கம் திரும்பிக்கொண்டேன். புகை என்று சொல்லிச் சமாளித்தேன். புகை இல்லை, அழுகைதான். அதை ஒளித்து இப்போது யாருக்கு என்ன லாபம்.

பிறகு நடந்தது எல்லாம் சுருக்கமான கணக்கு. ஜம்பரில் சிவக்கும் நுனிப்பகுதி இரண்டு ராத்தல் இருக்கும். வாளியைப் பத்து டிகிரி ஏற்றிய அதே இரும்பு, வாளியைப் போல் பத்து மடங்கு பிடிக்கும் என் தொட்டியை ஒரு டிகிரி ஏற்றும். ஜம்பருக்கு ஒரு டிகிரி. எண்பதில் ஆரம்பித்தால் அறுபதாவது ஜம்பரில் நூற்று நாற்பது. எந்தச் சூட்டில் இரும்பு இறுகாமல் போகிறது என்பது அவருக்குத் தெரியாது. அது என் வேலை. மீதித் துண்டுகளைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சூடேற்றிய தண்ணீரில் தோய்த்து, அரத்தை வைத்து இழுத்துப் பார்த்தேன். நன்றாக இறுகிய இரும்பில் அரம் வழுக்கிக்கொண்டு போகும். நூற்றுப் பதினைந்துக்கு மேல் அரம் கடித்தது. சுவரில் நூற்றுப் பதினைந்துக்கு நேரே அவர் முப்பத்தைந்தாவது ஜம்பர் என்று எழுதினார்.

சனிக்கிழமை கேப்டன் துரை வந்தார். இரண்டு கும்பலும் வந்து நின்றன. எடைக்காரர் துரையோடு இங்கிலீஷில் ஏதோ பேசி, மடித்த காகிதம் ஒன்றை அவர் கையில் கொடுத்தார். துரை அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். நான் அறுபது ஜம்பரையும் பழுக்கவைத்து, ஒவ்வொன்றாக அதே பழைய தொட்டியில் தோய்த்தேன். ஒவ்வொன்றிலும் வரிசை எண்ணை உளியால் கொத்தினேன்.

பத்தாவது தோய்த்ததும் எடைக்காரர் சூட்டுமானியைத் தொடாமலே, "தொண்ணூறு" என்றார். துரை எடுத்துப் பார்த்தார். தொண்ணூறு. இருபதாவதில் "நூறு" என்றார். நூறு. மத்தியானக் கும்பல் மேஸ்திரி இவரைப் போலவே தலையைச் சாய்த்து, "எவ்ளோ, எவ்ளோ" என்று சொல்லிக் காட்டினார். ஆட்கள் சிரித்தார்கள். நாற்பதாவதில் "நூத்தியிருபது" என்றார் எடைக்காரர். சூட்டுமானி நூற்றுப் பதினேழு காட்டியது.

"மூணு டிகிரி காத்து தின்னுட்டுது" என்றார், கொஞ்சமும் அலட்டிக்கொள்ளாமல். "காத்த நான் நிறுக்கல."

அறுபதும் முடிந்த பிறகு, எண் தெரியாதபடி ஜம்பர்களில் சாக்குத்துணி சுற்றிக் கலைத்துப் போட்டார்கள். அதிலிருந்து பத்தை மேஸ்திரியே பொறுக்கினார். தன் ஆட்களை வைத்தே பட்டறைக்கு எதிரில் கிடந்த பாறையில் துளை போடச் சொன்னார். அவர் ஆட்களே அடித்ததால் நான் ஏமாற்றினேன் என்று பிறகு அவர் சொல்ல முடியாது. ஒவ்வொரு ஜம்பரும் மழுங்கும் வரை அடித்து, இறங்கிய ஆழத்தைத் துரை அளந்தார். ஐந்து ஜம்பர் ஆறு அங்குலம் இறங்கின. நான்கு இரண்டு அங்குலம்கூடத் தாண்டவில்லை. ஒன்று மட்டும் மூன்றரையில் நின்றது.

துரை காகிதத்தைப் பிரித்து, உரக்கப் படித்தார். எடைக்காரர் தமிழில் சொன்னார்: "முப்பத்தஞ்சு வரைக்கும் தாங்கும். நாப்பதுக்கு மேல தாங்காது. நடுவுல இருக்கறத நான் சொல்லமாட்டேன்."

சாக்கை அவிழ்த்தார்கள். ஆறு அங்குலம் இறங்கிய ஐந்தும் முப்பத்தைந்துக்கு உள்ளே. தாங்காத நான்கும் நாற்பதுக்கு மேலே. மூன்றரையில் நின்றது முப்பத்தேழாம் எண்.

பிறகு காலைக் கும்பலில் யாரோ விசிலடித்தார்கள், அவ்வளவுதான், பட்டறை முழுக்க ஒரே இரைச்சல். துரை என் எதிரில் வந்து என் கண்ணை உற்றுப் பார்த்தார். "நல்ல கண்ணு" என்று தமக்குத் தெரிந்த தமிழில் சொன்னார். என் ஆயுசில் அதைப்போல் இனிப்பான வார்த்தையை நான் கேட்டதில்லை. அன்று வீட்டுக்குப் போய்ப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு லைன் முழுக்க இரண்டு சுற்று வந்தேன். என் மனைவி, "பச்சைப் புள்ளைய வெயில்ல சுத்தாதீங்க" என்று பின்னாலேயே வந்தாள்.

பழைய தண்ணீரைக் கொட்ட வேண்டுமே என்று எனக்கு ஒரு கலக்கம் இருந்தது. எடைக்காரர் அதற்கும் கணக்கு வைத்திருந்தார்.

"கொட்ட வேணாம் ஆசாரி. கூட்டிக்கலாம். இன்னும் ரெண்டு தொட்டி கேட்டுருக்கேன். ஒண்ணு மாத்தி ஒண்ணுல தோயுங்க. அறுபதுக்கும் சேத்து இருபது டிகிரிதான் ஏறும். நூறத் தாண்டாது."

தண்ணீர் அருமையான ஊர். ஆனாலும் துரை ஒரே நாளில் இரண்டு தொட்டித் தண்ணீர் அனுப்பினார். பழைய தண்ணீரை மூன்றாகப் பிரித்து, புதுத் தண்ணீரில் உறைமோர் விடுவதுபோல் விட்டேன். என் அப்பாவின் வழக்கமும் கெடவில்லை, இவர் கணக்கும் கெடவில்லை.

ஒரு வாரம் கழித்து, மத்தியான ஷிப்டு முடிகிற வேளையில் எடைக்காரர் என் பட்டறையில் உட்கார்ந்து கஞ்சியை ஆற்றிக்கொண்டிருந்தார். ஆட்களை ஏற்றிவரும் கூண்டு சுரங்கத்திலிருந்து மேலே வந்து, மத்தியானக் கும்பல் மேஸ்திரி உடம்பெல்லாம் கல்தூளோடு நேராக எங்களிடம் நடந்து வந்தார். நான் எழுந்து நின்றுவிட்டேன். அவர் கையில் ஒரு ஜம்பர் இருந்தது. அதை நான் இரும்பு அடிக்கும் பட்டடைமேல் மெதுவாக வைத்தார். அறுபதாம் எண். எண் கொத்துவதை நான் விடவில்லை; அன்றைக்குப் புதுத் தொட்டி வரிசையில் கடைசியாகத் தோய்த்தது அது.

எடைக்காரர் கஞ்சியைக் கீழே வைத்துவிட்டு ஜம்பரை எடுத்து, நுனியைப் பெருவிரலால் தடவிப் பார்த்தார். பிறகு மேஸ்திரியை நிமிர்ந்து பார்த்துத் தலையைச் சாய்த்தார். என்ன கேட்கப்போகிறார் என்று அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். அவர் வாயைத் திறப்பதற்குள் மேஸ்திரி முந்திக்கொண்டார்.

"ஆறேகால் அங்குலம். நீங்க கேப்பீங்கன்னு கீழயே அளந்துட்டுத்தான் ஏறினேன்."